இரண்டு மில்லி மருந்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து எஸ்டேட்டில் மிளகுக் கொடி பார்க்கிற பையன் வந்து வாசலில் நின்றான். அவன் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், சேலத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அது எனக்கும் தெரியும்.

“ரைட்டரய்யா, ஒரு சந்தேகமுங்க” என்றான். “டயாலிசிஸ் முடிஞ்சதும் நெஞ்சுல இருக்கிற குழாயில ஏதோ மருந்து போட்டு மூடுறாங்க. கேட்டா ஹெப்பரின்னு சொல்றாங்க. பக்கத்துக் கட்டில்காரருக்கு வேற ஏதோ போடுறாங்களாம். எதுங்க நல்லது? உங்களைக் கேட்டா தெரியும்னு அம்மா சொல்லுச்சு.”

அந்த அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் மருத்துவன் இல்லை. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் 36 வருஷம் ரைட்டராக இருந்தவன். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, மூட்டைக் கணக்கு எழுதியவன். என் மனைவிக்கு டயாலிசிஸ் நடந்த ஐந்து வருஷமும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு தடவையும் எடை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, குழாயில் என்ன மருந்து எத்தனை மில்லி என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியும்.

பையனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டில் யாருக்காவது இது என்றைக்காவது உதவலாம்.

முதலில் எங்கள் கதை.

என் மனைவிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. 2015 நவம்பரில் சேலம் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, “இன்னும் சில மாதத்தில் டயாலிசிஸ் தேவைப்படும். இப்போதே இடது கையில் ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கையில் யாரையும் ஊசி போட விடாதீர்கள்” என்றார். ஃபிஸ்டுலா என்றால், கையில் ஓடும் தமனியையும் சிரையையும் ஒரு சின்ன அறுவை சிகிச்சையில் இணைத்துவிடுவது. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை தடித்துவிடும். பிறகு அதில் பெரிய ஊசி குத்தி ரத்தத்தை எடுத்து இயந்திரத்துக்கு அனுப்பலாம். 1966-ல் அமெரிக்காவில் பிரெசியா, சிமினோ, ஆப்பெல் என்ற மருத்துவர்கள் எழுதிக் காட்டிய வழி. இன்றுவரை அதைவிடப் பாதுகாப்பான வழி வரவில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் போட்ட அன்றைக்கே பயன்படாது. பழுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்.

நவம்பர் என்றால் மலையில் பழம் பறிப்பு ஆரம்பிக்கும் நேரம். அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி சீசன். “பிப்ரவரி வரைக்கும் பொறுத்துக்கலாம், சீசன் முடியட்டும்” என்றேன். அவளும் சரி என்றாள். எனக்குச் சரி என்று சொல்வதே அவளுக்கு வழக்கம்.

பிப்ரவரி வந்தது. ஃபிஸ்டுலாவுக்கு முன்னால் மூச்சுத்திணறல் வந்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்து, ராத்திரியோடு ராத்திரியாகச் சேலத்தில் சேர்த்தோம். உடனடியாக டயாலிசிஸ் செய்ய வேண்டும், கையில் வழி இல்லை. கழுத்துச் சிரை வழியாக ஒரு குழாயை இறக்கினார்கள். சில நாள் கழித்து அதை எடுத்துவிட்டு, பல மாதம் தாங்குகிற பெர்ம்காத் குழாய் வைத்தார்கள். வயிற்றில் பை மருந்து விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் மலைக்காரர்களான எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் அது சரிப்படாது என்றுவிட்டார்கள்.

அந்தப் பெர்ம்காத் கழுத்துச் சிரையில் நுழைந்து இருதயத்தின் வாசல் வரை போகும். வெளி முனை தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓடி நெஞ்சில் வெளியே வரும். வெளியே சிவப்பு, நீலம் என்று இரண்டு வால். ஒன்றில் ரத்தம் வெளியே வரும், மற்றதில் சுத்தமான ரத்தம் உள்ளே போகும். ஒவ்வொரு வாலிலும் ஒரு கிளிப். அதில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். என் மனைவிக்கு ஒன்றில் 1.9, மற்றதில் 2.0. பார்த்த முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டேன். அது என்ன எண் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இந்தக் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று தடவை டயாலிசிஸ், தடவைக்கு நான்கு மணி நேரம் என்றால் 12 மணி நேரம்தான் குழாயில் ரத்தம் ஓடுகிறது. மீதி 156 மணி நேரம் குழாய் சும்மா இருக்கிறது. ஒரு முனை இருதயத்துக்குப் பக்கத்தில், மறுமுனை வெளியே. உள்ளே ரத்தம் தேங்கினால் உறைந்து அடைத்துவிடும். வெளியிலிருந்து கிருமி புகுந்தால் நேராக இருதயத்துக்குப் போகிற பாதை அது. ஆகவே ஒவ்வொரு தடவையும் முடிந்தபின் குழாயைக் கழுவிவிட்டு, அதன் கொள்ளளவுக்குச் சரியாக ஒரு மருந்தை நிரப்பிக் கிளிப்பை மூடிவிடுகிறார்கள். இதைத்தான் லாக் போடுவது என்கிறார்கள். கிளிப்பில் இருந்த எண் அந்தக் கொள்ளளவு. வாலுக்கு இரண்டு மில்லி, மொத்தம் ஒரு தேக்கரண்டி கூட இல்லை. 156 மணி நேரத்துக்கும் அந்த இரண்டு மில்லிதான் காவல்.

எங்களுக்குப் போட்டது ஹெப்பரின். உலகம் முழுவதும் வெகு காலமாகப் போடுவது அதுதான். 1916-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ மாணவர் நாயின் ஈரலை வைத்து ஆராயும்போது தட்டுப்பட்டது. ஈரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். ரத்தம் உறைவதை நன்றாகத் தடுக்கும்.

மார்ச் மாதம் ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து மலைக்கு வந்த பிறகு, குழாய் வெளியே வரும் இடத்தில் கட்டு நனைந்து சிவந்தது. பல் ஈறிலும் கசிவு. ராத்திரி முழுக்கப் பஞ்சை மாற்றிக்கொண்டே இருந்தோம். மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எந்த வலிமை ஹெப்பரின் போட்டார்கள்?” எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் சீசாவைப் படிக்கப் பழகினேன். நம் ஊரில் 5 மில்லி ஹெப்பரின் சீசா இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், ஆக மொத்தம் 5,000. இன்னொன்றில் மில்லிக்கே 5,000, ஆக மொத்தம் 25,000. இரண்டு சீசாவிலும் 5,000 என்ற எண்ணைப் பார்க்கலாம். ஒன்றில் அது மொத்தம், மற்றதில் மில்லிக்கு. கணக்கெழுதுகிறவனுக்கே தடுமாறும். வலிமையானதை இரண்டு வாலிலும் நிரப்பினால் கிட்டத்தட்ட 20,000 யூனிட் குழாயில் நிற்கிறது. அளவு சரியாக இருந்தாலும் குழாய் முனையின் துளைகள் வழியாகக் கொஞ்சம் உடம்புக்குள் கசியத்தான் செய்யும். அளவு கூடினால் கூடுதலாகக் கசியும். அடுத்த தடவை ஆரம்பிக்கும்போதும், தேங்கிய மருந்தை ஊசியால் வெளியே இழுத்துக் கொட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உள்ளே தள்ளிவிட்டால் அத்தனையும் ரத்தத்தில் கலந்துவிடும்.

அன்றைக்கு எங்களுக்கு எந்தச் சீசா போட்டார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு அறையில் பத்துப் பதினைந்து பேர் படுத்திருக்க, மூன்று பேர் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். அடுத்த தடவையிலிருந்து, “சிஸ்டர், எந்த சீசாம்மா இன்னிக்கு?” என்று கேட்டு எழுதிக்கொண்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே சீசாவைத் திருப்பிக் காட்டினார்கள்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

மே மாதம் எங்கள் மலைக்குத் திருவிழா மாதம். சேர்வராயன் கோயில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டிலிருந்து மேலே, மலையின் உச்சிச் சமவெளியில், 5,326 அடி உயரத்தில், குகைக்குள் இருக்கிற கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். மலையாளிக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். என் மனைவி கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முதல் நாள் டயாலிசிஸ். இயந்திரத்தில் போட்டு அரை மணி நேரம் இருக்கும். “ஏங்க, குளிருதுங்க” என்றாள். உடம்பு நடுங்கியது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன், போர்வை வாங்கிப் போர்த்தினேன். சிஸ்டர் வந்து காய்ச்சல் பார்த்தார். பெரிதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கமும் நின்றது. கிளம்பும்போது சிஸ்டர், “ஐயா, ராத்திரி காய்ச்சல் அடிச்சா உடனே கூட்டிட்டு வந்துருங்க. குழாய் இருக்கிறவங்களுக்குக் குளிர் வந்தா சும்மா விடக்கூடாது” என்று சொன்னார். தலையாட்டினேன்.

ராத்திரி உடம்பு சுட்டது. மலையில் இருக்கிறவர்களுக்குக் குளிர் என்பது ஒரு செய்தியே இல்லை. மே மாதத்திலும் சாயங்காலம் மழை பெய்தால் ஸ்வெட்டர் தேடுகிற ஊர். சேலத்து வெயிலில் இறங்கிவிட்டு மலைக்கு ஏறினால் யாருக்கும் உடம்பு கொஞ்சம் தள்ளாடும். மிளகுக் கஷாயமும் ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் கொடுத்தேன். காலையில் காய்ச்சல் இல்லை. “கோயிலுக்குப் போயிட்டு வந்துரலாம்” என்றாள். ஜீப்பில் கூட்டிப்போனேன். குனிய முடியாமல் குகை வாசலிலேயே நின்று கும்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் மறுபடியும் நடுக்கம். இந்தத் தடவை பல் கிட்டி, கட்டிலே ஆடியது. என்னைப் பார்த்து, செத்துப்போன அவள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த எண்களை எண்ணிக்கொண்டே இறங்கினேன். வேறு எதையும் நினைக்கத் தைரியம் இல்லை.

கையிலிருந்தும் குழாயிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்கிறார்களா என்று பரிசோதித்தார்கள். இரண்டிலும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற ஒரே கிருமி. நம் தோலில் சாதாரணமாகக் குடியிருப்பதுதான். குழாயின் உள்சுவரில் பாசி மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு வளருமாம். குளத்துப் படிக்கட்டுப் பாசியைப் பார்த்திருப்பீர்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் போகாது. அந்தப் படலத்துக்குள் இருக்கிற கிருமியை ஊசி மருந்தும் சுலபத்தில் தொடாது. இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் அங்கிருந்து பெயர்ந்து ரத்தத்துக்குள் போகிறது. ஆகவேதான் டயாலிசிஸ் ஆரம்பித்த அரை மணியில் குளிர். அதை நான் ஏசியின் குளிர் என்று நினைத்தேன், பிறகு மலைக் குளிர் என்று நினைத்தேன். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைத்தும் வைத்தேன்.

குழாயை எடுத்தார்கள். இருதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறதா என்று எக்கோ பார்த்தார்கள்; சேர்வராயன் புண்ணியத்தில் இல்லை. நான்கு வாரம் ஆன்டிபயாடிக். இடையில் வேறு பக்கம் புதுக் குழாய். டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. மற்றதற்கு என் ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கு போனது.

புதுக் குழாய் வைத்த அன்று டாக்டரிடம் கேட்டேன். “சார், ஹெப்பரினைவிட நல்ல லாக் இல்லையா?” அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஹெப்பரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. வலிமையானதைப் போட்டால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். சிலருக்கு அபூர்வமாக ரத்தத் தட்டணுக்களையே குறைத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அதைத் தொடவே கூடாது. மலிவானது, எங்கும் கிடைப்பது, எல்லாருக்கும் பழகியது. அது அதன் பலம்.

அடுத்தது சிட்ரேட். எலுமிச்சை, ஆரஞ்சில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தின் உப்பு. ரத்த தானம் கொடுக்கும்போது பையில் ரத்தம் உறையாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 4 சதவீத சிட்ரேட், குழாய் அடைக்காமல் காப்பதில் ஹெப்பரினுக்குச் சமமாக நிற்கிறது, ரத்தக் கசிவும் குறைவு. கொஞ்சம் உடம்புக்குள் கசிந்தாலும் உடம்பு அதை உடனே கரைத்துவிடும். அப்படியானால் வலிமையைக் கூட்டினால் கிருமியையும் கொல்லுமே என்று தோன்றும். கொல்லும்தான். ஆனால் 2000-ல் அமெரிக்காவில் 46.7 சதவீத சிட்ரேட்டைக் குழாயில் செலுத்தியபோது ஒரு நோயாளி இருதயம் நின்று இறந்துபோனார். அந்நாட்டு மருந்துத் துறை உடனே எச்சரிக்கை விட்டது. இருதயத்துக்கும் கால்சியம் வேண்டுமல்லவா? அமெரிக்கச் சிறுநீரக அமைப்பின் 2019 வழிகாட்டு நெறிகள், சிட்ரேட் என்றால் 5 சதவீதத்துக்கும் கீழே என்கின்றன.

மூன்றாவது, ஆன்டிபயாடிக் கலந்த லாக். ஜென்டாமைசின் போன்றதை ஹெப்பரினோடோ சிட்ரேட்டோடோ கலந்து நிரப்புவது. தொற்று குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் வருஷக் கணக்காக எல்லாருக்கும் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது. ஜென்டாமைசின் உடம்புக்குள் கசிந்தால் காது கேட்பதையும் பாதிக்கலாம். அதனால் அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு மட்டும் யோசித்துப் போடுகிறார்கள்.

நான்காவது, ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து. பக்கவாதம் வந்தவுடன் போடுகிறார்களே, அந்த வகை. கனடாவில் 225 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வாரத்தில் மூன்று நாளும் ஹெப்பரின். மற்றதற்கு இரண்டு நாள் ஹெப்பரின், ஒரு நாள் இந்த மருந்து. குழாய் சரியாக வேலை செய்யாமல் போனது முதல் பிரிவில் 34.8 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம். ரத்தத்தில் கிருமி வந்தது முதலாவதில் 13 சதவீதம், இரண்டாவதில் 4.5 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. அடைத்த குழாயைத் திறக்க ஒரு தடவை போடுவார்கள். வாரா வாரம் என்பது கனவு.

ஐந்தாவது, டாரோலிடின். கிருமியின் சுவரையே தாக்குகிற மருந்து, ஆன்டிபயாடிக் வகை அல்ல. அதனால் கிருமி இதற்குச் சுலபத்தில் பழகுவதில்லை என்கிறார்கள். ஐரோப்பாவில் முன்பிருந்தே புழக்கத்தில் உண்டு. அமெரிக்காவில் இதை ஹெப்பரினோடு கலந்து 795 பேரிடம் பரிசோதித்தார்கள். வெறும் ஹெப்பரின் போட்ட 398 பேரில் 32 பேருக்குக் குழாய் வழியாக ரத்தத் தொற்று. டாரோலிடின் கலந்த 397 பேரில் 9 பேருக்கு மட்டும். 2023 நவம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. இதை நான் படித்தபோது அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் இரண்டாவது குழாய்க்கு டாக்டர் 4 சதவீத சிட்ரேட் போடச் சொன்னார். முதல் குழாய் ஹெப்பரினில் மூன்று மாதம், இரண்டாவது சிட்ரேட்டில் மூன்று மாதம். இரண்டாவதில் தொற்று வரவில்லை, ரத்தக் கசிவும் இல்லை. ஒரு தடவை ஓட்டம் குறைந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. நோட்டைப் பார்த்தால் சிட்ரேட்தான் ஜெயித்த மாதிரி இருக்கும். நான் அதை டாக்டரிடம் காட்டிச் சொன்னபோது அவர் சிரித்தார். “ஐயா, ஒரு செடி காய்த்ததை வைத்து எஸ்டேட் விளைச்சலைச் சொல்வீர்களா?” என்றார். வாயை மூடிக்கொண்டேன். நூற்றுக்கணக்கான பேரை வைத்துப் பார்த்தால்தான் மருந்தின் குணம் தெரியும். ஒருத்தியை வைத்து எழுதிய என் நோட்டில் அவள் கதை மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். “லாக் எதுவானாலும், குழாயின் மூடியைத் திறக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் முக்கியம். திறக்கிறவரும் முகக்கவசம் போட வேண்டும், படுத்திருக்கிறவரும் போட வேண்டும். கை சுத்தம், கையுறை, மூடியையும் வாயையும் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்து, அது காய்கிறவரை பொறுத்திருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்கிற இடத்தில் சாதாரண ஹெப்பரினே போதும். செய்யாத இடத்தில் எந்த விலையுயர்ந்த மருந்தும் போதாது.”

அந்த அமெரிக்கக் கணக்கையே திருப்பிப் பாருங்கள். வெறும் ஹெப்பரின் போட்ட 398 பேரில் 366 பேருக்குத் தொற்று வரவில்லை. கவனமான கைகள் காத்தவர்கள் அவர்களில் நிறைய பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எஸ்டேட் கிடங்குக்கு எவ்வளவு நல்ல பூட்டு வாங்கிப் போட்டாலும், சாவி வைத்திருக்கிறவன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா?

ஆகஸ்ட் மாதம் ஃபிஸ்டுலா பழுத்தது. ஊசி குத்தி நாலைந்து தடவை நன்றாக ஓடியபின் நெஞ்சுக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். குழாய் நனையக்கூடாது என்பதால் அதுவரை துணியில் துடைத்துக்கொள்வதுதான். வெந்நீர் அண்டாவே காலியாகும்வரை குளித்தாள்.

ஃபிஸ்டுலா போட்ட கையில் விரலை வைத்தால், உள்ளே வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகுமுன் கையை நீட்டுவாள். நான் தொட்டுப் பார்த்து “ஓடுது” என்பேன். நோட்டில் ஒரு டிக் போடுவேன். 2021-ல் அவள் இருதயக் கோளாறில் போகும்வரை அப்படித்தான். கடைசி நாள் வரை அது ஓடியது. அந்த ஐந்து வருஷத்தில் குழாய்த் தொற்று என்ற பேச்சே மறுபடி வரவில்லை, ஏனென்றால் குழாயே இல்லை.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். எந்த லாக் நல்லது என்று டாக்டர்தான் முடிவு செய்வார். உன் அப்பாவுக்கு ரத்தக் கசிவு இருக்கிறதா, தொற்று முன்பு வந்ததா, குழாய் அடிக்கடி அடைக்கிறதா, இதையெல்லாம் பார்த்துச் சொல்வார். ஆனால் உனக்கும் வேலை இருக்கிறது. கிளிப்பில் இருக்கும் எண்ணை எழுதி வை. என்ன மருந்து, மில்லிக்கு எவ்வளவு வலிமை என்று கேள். திறக்கும்போது எல்லாரும் முகக்கவசம் போட்டிருக்கிறார்களா என்று பார், நீயும் போடு. அந்தக் குழாயில் டயாலிசிஸ் தவிர வேறு எதற்கும், வேறு யாரும், கை வைக்க விடாதே. குளிர் நடுங்கினால் மலைக் குளிர் என்று நினைக்காதே, மாத்திரை கொடுத்து மூடி வைக்காதே. எந்த ராத்திரியானாலும் இறங்கு.

எல்லாவற்றையும் செல்போனில் எழுதிக்கொண்டான். நல்ல பையன். கிளம்பும்போது கேட்டேன்.

“ஃபிஸ்டுலாவுக்குத் தேதி வாங்கிட்டீங்களா தம்பி?”

“டாக்டர் சொல்லியிருக்காருங்க. இந்த சீசன் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு அப்பா சொல்றாருங்க.”

“உட்கார்” என்றேன். உள்ளே போய் அந்த நீள நோட்டை எடுத்து வந்தேன். 2015 நவம்பர் என்று போட்டிருந்த முதல் பக்கத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன். அதில் டாக்டர் சொன்னதை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்திலேயே, “சீசன் முடிந்ததும்” என்று குறித்திருக்கிறேன்.

படித்துவிட்டு அவன் ஒன்றும் பேசவில்லை. நோட்டைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். புதன்கிழமை போன் செய்தான். அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கத் தேதி வாங்கிவிட்டார்களாம்.